நாலு விரல் விட்டு வெட்டிய பலகை

மார்ச் 3, ஞாயிறு

காருக்கு அளவெடுத்தேன். இத்தனை வருடம் சட்டை தைக்க மனிதர்களுக்கு அளவெடுத்தவன் நான். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், மூச்சை விடச் சொன்னால் விடுவார்கள். இந்தப் பெரிய கார் எதற்கும் அசையாது. நான்தான் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அதற்குள் முட்டி போட்டு ஊர்ந்தேன்.

பின் சீட்டை மடக்கினால் நல்ல இடம். ஆனால் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே தகரம் உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த உயரத்துக்கு மேலே மேடை போட்டால்தான் மூன்று பேர் படுக்கலாம். ஒரே மேடையாகச் செய்தால் பின்கதவு வழியாக நுழையாது. அதனால் நீளவாக்கில் மூன்று பலகைகள், ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால். பக்கத்தில் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டு இணைக்க வேண்டியது, ஊர் திரும்பியதும் கழற்றி வைக்க வேண்டியது. கார் வார நாட்களில் இவளுக்கு, என் மனைவிக்கு, வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறாள், காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள்.

மூன்றாவது ஆள் வக்கீல். வயது ஒன்பது. எதைச் சொன்னாலும் எதிர்த்து வாதாடுவதால் இவள் வைத்த பெயர். பள்ளி விடுமுறையில் ஏரிக்கரைக்குப் போய்த் தங்குவதாகத் திட்டம். கூடாரம் வாங்கலாம் என்றுதான் நான் சொன்னேன்.

"கூடாரத்துக்குப் பூட்டு இருக்கா மாமா? காருக்கு இருக்கு."

வழக்கு முடிந்தது. இப்போது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

வக்கீல் எங்களிடம் வந்து ஒன்றரை வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அம்மா இல்லை, அப்பா குடியில் விழுந்து கிடந்தார். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா கூட்டி வந்து, "அவங்க அப்பா தேறி வர்ற வரைக்கும்" என்றார். பெரிய தியாகிகள்போல நாங்களும் தலையாட்டினோம். அப்பா அம்மா என்று கூப்பிடப் பழக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் நான் மாமா, இவள் அத்தை.

முதல் மாதம் முழுக்க ஷூ போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். கழற்றச் சொன்னால், "எப்பக் கெளம்பணும்னு தெரியாதுல்ல" என்பாள். இங்கே வருவதற்கு முன் நாலு வீடு மாறியிருக்கிறாள். இப்போது கழற்றுகிறாள். ஆனால் ஷூ தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், படுக்கை கதவோரம் இருக்க வேண்டும். காரிலும் அதே நிபந்தனை. அந்தப் பக்கத்து முன் சீட் துருப்பிடித்து நகர மாட்டேன் என்கிறது, பலகை நாலரை அடிக்கு மேல் வராது என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கறதுல நான்தான் குட்டை. எனக்குப் பத்தும்."

மார்ச் 9, சனி

பழைய செய்தித்தாள்களை ஒட்டி, துணிக்கு வெட்டுவதுபோல் அளவுக்குப் பேப்பர் கட்டிங் போட்டு மரக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், பலகைக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் ப்ளைவுட்டின் மேல் அதை விரித்து, சாக்கட்டியால் கோடு இழுத்தேன். மெஷினில் அறுக்கும்போது, கோட்டின் மேலேயா வெளியேயா என்று கேட்டார். கோட்டுக்கு வெளியே என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?

மாலை முழுக்க மூன்று பேரும் உப்புத்தாள் தேய்த்தோம். அவரவர் பலகையை அவரவர்தான் தேய்க்க வேண்டும் என்பது வக்கீலின் தீர்ப்பு. அவள் தேய்த்தது கண்ணாடிபோல் இருக்கிறது. என்னுடையதில் நான் படுத்தால் முதுகில் சிலாம்பு ஏறும்.

மார்ச் 10, ஞாயிறு

பின்கதவு மூடவில்லை.

பலகைகள் அழகாக உட்கார்ந்தன. கால் ஆடவில்லை. இவள் கதவை இறக்கினாள், டொக்கென்று இடித்தது. இன்னொரு தரம் இறக்கினாள், டொக். அளந்து பார்த்தால் ஒவ்வொரு பலகையும் இரண்டு அங்குலம் கூடுதல்.

"அளவு தப்பா எடுத்தீங்களா?"

அளவு தப்பவில்லை. அளவைச் சரியாக எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் ஓர் அங்குலம் இந்தப் பக்கம் ஓர் அங்குலம் தையலுக்கு விட்டிருக்கிறேன்! கை தானாக விட்டிருக்கிறது. இவள் கார் மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மரத்த மடிச்சுத் தைப்பாராம்!"

வக்கீலின் பலகை இன்னும் கூத்து. அது அந்த இரண்டு அங்குலத்துக்கு மேலும் நாலு விரல் நீளம். வளர்கிற பிள்ளைக்கு நாலு விரல் விடாமல் நான் எதையும் வெட்டியதில்லை. ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். அவளுடைய சீருடையையும் அப்படித்தான் தைத்தேன். அதே கைதான் மரத்துக்கும் கோடு இழுத்திருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

எங்கள் பலகைகள் இரண்டையும் அறுத்தாயிற்று. அவளுடையதில் ரம்பத்தை வைத்ததும் வந்து குறுக்கே நின்றாள்.

"ஏன் வெட்டறீங்க? எனக்குன்னுதானே விட்டீங்க?"

"கதவு மூட வேணாமா?"

"என் சீருடைய வெட்டினீங்களா? மடிச்சுத்தானே தச்சீங்க. இதையும் மடிங்க."

இவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நீ வளருவ சரி, கார் வளருமா?"

"அதுக்குள்ள வேற கார் வாங்கிருவோம்ல அத்தை."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

கடைசியில் அவள் சொன்னபடியே செய்தேன். தையலுக்கு விட்டதை மட்டும் எறிந்துவிட்டு, நாலு விரல் துண்டைக் கீல் போட்டுப் பலகைக்கு அடியில் மடித்து, தொங்காமலிருக்க இரண்டு திருகாணி முடுக்கினேன். விரித்தால் தாங்குவதற்கு ஒரு சின்னக் கட்டையும் அடியிலேயே பொருத்தியிருக்கிறேன். மரத்துக்கு ஓரம் மடித்த தையல்காரன் வேறு எவனாவது இருக்கிறானா தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இன்று மத்தியானம் ஒத்திகை. குடியிருப்புக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில், கதவுகளைத் திறந்து போட்டு மூன்று பேரும் படுத்தோம். உட்கார்ந்தால் தலை இடிக்கிறது. நடுப்பலகை இவளுக்கு. இவள் முழங்கை எந்தப் பக்கம் திரும்பினாலும் என் விலாவுக்கே வருகிறது. மேல்மாடிக் குழந்தைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்காட்சி பிடிக்காமல் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காரைத் தட்டினார். கையில் ஒரு ஜோடி ஷூ. "இது உங்களுதா? தரையில கெடந்துச்சு, வண்டிய ஏத்தப் பாத்தேன்."

வக்கீலுடையது. கழற்றித் தரையில் விட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். தலையணைக்குப் பக்கத்தில் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இவளும் தூங்கிவிட்டாள். நான் அந்த ஷூவை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மார்ச் 20, புதன்

கடையில் ஒருவருடைய கோட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது அதிகாரி அம்மா கூப்பிட்டார். "நல்ல செய்தி சார்."

வக்கீலின் அப்பா தேறிவிட்டார். குடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குளிர்பதனக் கிடங்கில் வேலை, தனியாக ஓர் அறை. பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறார். முதலில் வாரக் கடைசிகளில் மட்டும் அங்கே போவாள், பிறகு ஒரேயடியாக.

"அங்க ராத்திரி நிம்மதியா தூங்குறாளான்னு பாப்போம் சார். எனக்கு அதான் கணக்கு. திரும்பி வந்ததும் உங்களக் கேப்பேன். தூங்கலன்னா தள்ளிப்போடுவேன், அவசரமே இல்ல."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். அப்படித்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டு வந்து கோட்டின் கையை வெட்டினேன். ஒரு நூல்கூட தையலுக்கு விடாமல் வெட்டிவிட்டேன். துணி பாழ்.

மார்ச் 21, வியாழன்

"தெரிஞ்சுதானே எடுத்தோம்" என்றாள் இவள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

கேட்டது.

மார்ச் 24, ஞாயிறு

அவள் அப்பா வந்தார். திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வலது கைப் பொத்தானை அவரே தைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்கு நீல நூல், பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சு மேல் முடிச்சு. இந்த ஜென்மத்தில் அறுந்து விழாது. அந்தப் பொத்தானைப் பார்த்த பிறகு அந்த ஆளை வெறுக்க முடியாமல் போய்விட்டது. அந்த எரிச்சல் வேறு.

டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னே..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. வக்கீல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஒரு வாதம்கூட வைக்கவில்லை.

வக்கீலின் மூக்கு அப்படியே அவருடைய மூக்கு. இத்தனை நாள் இந்த மூக்கை இவளுடைய ஜாடை என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 31, ஞாயிறு

முதல் வாரக் கடைசி முடிந்து வந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"தூங்கினியா?"

"கொஞ்சம்."

"ஷூ?"

"போட்டுட்டுத்தான்."

அப்பா தன் கட்டிலைக் கொடுத்திருக்கிறார். வக்கீல் அதில் படுக்காமல் கதவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருக்கிறாள். அவரும் கட்டிலை விட்டுவிட்டு எதிர்ச் சுவரோரம் தரையில் படுத்தாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். பிள்ளை தூங்கவில்லை என்று எனக்குச் சந்தோஷம். இதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கே போய்ச் சொல்ல?

ஏப்ரல் 2, செவ்வாய்

அதிகாரி அம்மா கேட்டார். தூங்கவில்லை என்றேன். சரி, இந்த வாரமும் போய்ப் பார்க்கட்டும், இப்படியே இருந்தால் இன்னும் ஆறு மாதம் தள்ளலாம் என்றார். ஆறு மாதம்! அதற்குள் விடுமுறை வந்துவிடும், ஏரிக்குப் போய்விடலாம்.

இவள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"என்ன இப்போ? உள்ளதத்தானே சொன்னேன்" என்றேன்.

"உள்ளதத்தான் சொன்னீங்க. சொல்றப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்."

"உனக்கு மட்டும் அவ போறதுல இஷ்டமா?"

இவள் பாத்திரத்தை எடுத்து, இந்தத் தடவை சத்தமில்லாமல் வைத்தாள். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 4, வியாழன்

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் என் தையல் மெஷினுக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, அந்தக் கதவோரப் பலகை என்னோடதுதானே?"

"ஆமா."

"அத அப்பா வீட்டுக்குக் கொண்டு போலாமா? கதவுக்குப் பக்கத்துல ஒரு சந்து இருக்கு. கட்டில் போகாது. இது போகும். நான் சாணால அளந்துட்டு வந்தேன்."

"அது காருக்குச் செஞ்சது."

"கழட்டற மாதிரிதானே செஞ்சோம்?"

"ஏரிக்குப் போறப்ப வேணுமில்ல. முடியாது. போய் மூஞ்சி கழுவு."

"சரி" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் நான் சொன்னதற்கு மறுபேச்சு இல்லாமல் சரி என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. மூஞ்சி கழுவப் போய்விட்டாள்.

பலகை போனால் அங்கே தூங்கிவிடுவாள். எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேனே, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு. பலகை போகாவிட்டால் தூங்க மாட்டாள். தூங்காவிட்டால் இங்கேயே இருப்பாள். எவ்வளவு சுலபம்! நான் யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம், ஒரு பலகையை இருக்கிற இடத்தில் விட்டால் போதும். அதுதானே?

என்ன மனுஷன்டா நான். ஒம்போது வயசுப் புள்ள தூக்கத்த வச்சா...

ஏப்ரல் 6, சனி

காலையில் நட்டுகளைக் கழற்றினேன். நாலு நட்டு, கையாலேயே வந்துவிட்டன. இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் செய்திருக்கலாம்.

இவள்தான் ஓட்டினாள். வக்கீல் முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னாள். நான் பின்னால் என் பலகையில் படுத்துக்கொண்டு, அவள் பலகை நகராமல் பிடித்துக்கொண்டு போனேன். சலவைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அவள் அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. படித் திருப்பத்தில், "பாத்துண்ணே, விரல் நசுங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் சந்து. பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. வக்கீலின் சாண் என் டேப்பைவிட நம்பகமானது.

அவர் குனிந்து அடியில் பார்த்தார். "இதென்னண்ணே, ஒரு துண்டு மடிச்சிருக்கு?"

"அது அப்புறம் சொல்றேன். இப்பத் தேவைப்படாது."

வாசலில் விடைபெறும்போது வக்கீல் என்னிடம் வந்து, பெரிய மனுஷிபோல, "தேங்க்ஸ் மாமா" என்றாள். திரும்பி வரும் வழியில் இரண்டு இடத்தில் இவள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தாள். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் அவள் அப்பா போன் செய்தார். குரலை அடக்கிப் பேசினார்.

"அண்ணே, இன்னும் எந்திரிக்கல. நல்ல தூக்கம்."

"ஷூ எங்க இருக்கு?"

"ஷூவா? இருங்க... என் கட்டிலுக்கு அடில கெடக்குண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. எழுப்பாதீங்க."

ஏப்ரல் 8, திங்கள்

அதிகாரி அம்மா கேட்டார். நன்றாகத் தூங்கினாள் என்றேன்.

ஏப்ரல் 20, சனி

போய்விட்டாள்.

ஒரு பை, ஒரு பெட்டி, பள்ளிப் புத்தகங்கள். சீருடையை இவள் தேய்த்து மடித்து மேலாக வைத்தாள். ஓரத்தை எப்படிப் பிரிப்பது, எந்த நூலை முதலில் இழுப்பது என்று அவள் அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏரிக்கு எப்ப மாமா?"

"போலாம்."

"எப்பன்னு சொல்லுங்க."

நான் அவள் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். இவள்தான், "அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றோம் கண்ணு" என்றாள். வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாதாடுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் வந்து இவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள். நான் அளவெடுக்கிறவன். என் சட்டையின் மூன்றாவது பொத்தான் வரைக்கும் வருகிறாள், வந்தபோது நாலாவதுக்குத்தான் இருந்தாள்.

அவர்கள் போன பிறகு இவள் வீட்டைப் பெருக்கினாள். காலையில்தான் பெருக்கியிருந்தாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கேயும் போகவில்லை.

மே 12, ஞாயிறு

விடுமுறை தொடங்கிவிட்டது. அவள் அப்பாவைக் கிடங்கு முதலாளி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். சாமான்களோடு பலகையும் லாரியில் போயிற்றாம். ஏரி இனி இல்லை.

காரில் மிச்சமிருக்கும் இரண்டு பலகைகளையும் எடுத்துப் பரணில் போட்டுவிடலாமா என்றேன்.

"கெடக்கட்டும். எனக்கு எடைஞ்சல் இல்ல" என்றாள் இவள்.

தினம் அதை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். பின் சீட்டை நிமிர்த்தவும் விடுவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அதிகாரி அம்மா கூப்பிட்டு, ஒரு பையன் இருக்கிறான், ஐந்து வயது, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். இவள் என்னைப் பார்த்தாள், நான் இவளைப் பார்த்தேன். "இப்ப வேணாம்மா" என்றேன். வைத்துவிட்டு இருவரும் டீவி பார்த்தோம். என்ன ஓடியது என்று தெரியாது.

பிப்ரவரி 21, ஞாயிறு

இந்த நோட்டைத் திறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. துணி அளவு எழுத ஒரு காகிதம் தேடியபோது கையில் கிடைத்தது. பேனா எடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. இன்று வக்கீல் போன் செய்தாள்.

மாதம் ஒரு தரம் பேசுவது வழக்கம்தான், பரீட்சை மார்க்கு, மழை, உடம்பு எப்படி இருக்கு என்று. இன்று எடுத்ததும், "மாமா, காலு வெளிய வருது" என்றாள்.

"என்னது?"

"பலகைய விட்டுக் காலு வெளிய வருது. அடில மடிச்சு வச்சோமே, அத எப்படி விரிக்கறது? அப்பாவுக்குத் தெரியலயாம். இருங்க, தரேன்."

அவர் வந்தார். இரண்டு திருகாணியைக் கழற்றுங்கள், துண்டை மேலே தூக்குங்கள், அடியில் இருக்கும் சின்னக் கட்டையைக் குறுக்கே திருப்புங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனைத் தரையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது, கீல் கிறீச்சிடுவது கேட்டது. கொஞ்சம் எண்ணெய் விட்டு அனுப்பியிருக்க வேண்டும். "அப்பா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று வக்கீல் அவரிடம் வாதாடுவதும், அவர் சிரிப்பதும் கேட்டது.

"விரிஞ்சிருச்சு மாமா! படுத்துப் பாத்துட்டேன். பத்துது."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஷூவெல்லாம் எங்க வைக்கற?" என்றேன்.

"ஷூவா? வாசல்ல. எல்லாரும் வைக்கற எடத்துலதான். ஏன் மாமா?"

"சும்மா கேட்டேன்."

அவளுக்கு ஞாபகமே இல்லை.

இவள் அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"விரிச்சுட்டாங்களா?"

"ம்."

"இன்னும் எத்தன நாளைக்குப் பத்தும்?"

"வளர்ற வயசு. ஒரு வருஷம் தாங்கும். மிஞ்சிப்போனா ஒண்ணரை."

"அதுக்கு மேல வளந்தா?"

"அதுக்கு மேல நான் விடலையேம்மா."

இவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.